எதிராளிக்கும் ஈயும் நெஞ்சம்

(விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



ஈகை என்றவுடன் இருப்பவர் இல்லாதவர்க்குக் கொடுப்பதே நம் நினைவிற்கு வருகிறது. அது உயர்ந்ததே. ஆயினும், நாம் விரும்பும் அதே பொருளை விரும்பி, நம்மை வெல்ல முயலும் ஒருவருக்கு ஈய இயலுமா? இவ்வினாவோடு, நம்மில் பலர் ஆடியிராத கோல்ஃப் களத்திற்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

1969 செப்டம்பரில் இங்கிலாந்தின் ராயல் பெர்க்டேல் களத்தில், அமெரிக்காவும் பிரிட்டனும் ரைடர் கோப்பைக்காக மோதின. கசப்பு மிகுந்த போட்டி அது. புதரில் விழுந்த எதிரணியின் பந்தைத் தேடித்தர வேண்டாம் என்று பிரிட்டன் அணித்தலைவர் எரிக் பிரவுன் தம் வீரர்களிடம் கூறியிருந்தார். இறுதி நாளில் ஒரே ஓர் ஆட்டம் எஞ்சியபோது இரு அணிகளும் சமநிலையில் நின்றன. அந்த ஆட்டத்தை ஆடியவர்கள் அமெரிக்காவின் ஜாக் நிக்லாஸும் பிரிட்டனின் டோனி ஜாக்லினும். அவர்களும் கடைசிக் குழிக்குச் சமநிலையில் வந்தனர்.

நிக்லாஸ் தம் பந்தைத் தவறாமல் குழியில் இட்டார். ஜாக்லினின் பந்து குழிக்கு இரண்டு மூன்று அடி தொலைவில் இருந்தது. எளிய தொலைவுதான், ஆனால் நாடே நோக்கி நிற்கையில் கை நடுங்காதோ? அவர் தவறினால் அமெரிக்காவிற்கு வெற்றி. அக்கணத்தில் நிக்லாஸ் குனிந்து ஜாக்லினின் பந்து அடையாளத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். 'இனி நீ அடிக்க வேண்டியதில்லை. பந்து குழியில் விழுந்ததாகவே கொள்கிறேன்' என்பதே அதன் பொருள். போட்டி 16–16 என முடிந்தது. ரைடர் கோப்பை வரலாற்றில் அதுவே முதல் சமநிலை.

இவ்வாறு விட்டுக்கொடுக்க அவ்வாட்டத்தின் விதி இடமளிக்கிறது. அதையே சூழ்ச்சியாக்குவோரும் உண்டு. தொடக்கத்தில் சிறு அடிகளையெல்லாம் விட்டுக்கொடுத்து எதிராளிக்குப் பழக்கமில்லாமல் செய்வர். இறுதியில் திடீரென அடிக்கச் சொல்வர். அது கொடையின் வேடம் பூண்ட தன்னலம். நிக்லாஸ் விட்டுக்கொடுத்ததோ இறுதி அடியை.

அமெரிக்க அணித்தலைவர் சாம் ஸ்னீட் இதனை விரும்பவில்லை. அணியின் வெற்றியைத் தனியொருவர் ஈயலாமா என்னும் வினா நியாயமானதே. முந்தைய போட்டியில் வென்றிருந்ததால், சமநிலையிலும் கோப்பை அமெரிக்காவிடமே இருந்தது. எனவே அவர் கொடுத்தது கோப்பையை அன்று. தனிவெற்றிக்கான வாய்ப்பை மட்டுமே. அதைவிடப் பெரிதாக்கிப் பேச வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தம் அடியை அவர் தளர்த்தவில்லை. தம் கடமையை முழுதும் முடித்த பின்னரே எதிராளியின் அச்சத்தை நீக்கினார். நால்வகைத் தானங்களுள் அபயதானத்தையும் வைத்த நம் முன்னோர்க்கு இச்செயலின் பொருள் எளிதில் விளங்கியிருக்கும்.

கதை அத்தோடு முடியவில்லை. பிரிட்டன் அணி தொடர்ந்து தோற்று வந்ததால் போட்டியே சுவை இழந்தது. 1977-இல், ஐரோப்பிய நாட்டினரையும் எதிரணியில் சேர்க்கலாம் என்று வலியுறுத்தியவர் நிக்லாஸ். 1979 முதல் அவ்வாறே நடந்தது. 1987-இல் அமெரிக்கா தன் மண்ணில் முதன்முறையாக அக்கோப்பைப் போட்டியில் தோற்றது. தோற்ற அணியின் தலைவர் நிக்லாஸ். வென்ற அணியின் தலைவர் ஜாக்லின். களமோ ஒஹையோவில் நிக்லாஸ் தாமே உருவாக்கிய மியூர்ஃபீல்டு வில்லேஜ்! எதிராளியை வலுப்படுத்தியதன் விலையை அவர் செலுத்தினார். ஆனால் அப்போட்டி உயிர்பெற்றது.

இளைஞர்களே, நீங்கள் கோல்ஃப் ஆடாமல் இருக்கலாம். ஆனால் ஒரே கடைத்தெருவில் எதிரெதிரே கடை வைப்பீர்கள்; ஒரே பணியிடத்திற்குத் தேர்வு எழுதுவீர்கள். உழைப்பில் குறைவைக்காதீர்கள், வெல்ல விரும்புவது தவறன்று. ஆனால் உடன் படிப்பவர் உடல்நலமின்றி வகுப்பிற்கு வராதபோது, உங்கள் குறிப்பேட்டைக் கொடுங்கள். அவர் உங்களை முந்தவும் கூடும். அதை அறிந்தே கொடுப்பதுதான் ஈகை.