ரெண்டு வரியை நீக்கினால் தண்ணி சுத்தமாகிடுமா?

ஐடியில இருக்கிறவங்களுக்கு பி90 தெரியும். நூறு ரிக்வெஸ்ட்ல தொண்ணூறு எவ்வளவு நேரத்துக்குள்ள முடியுது என்கிற கணக்கு. அமெரிக்காவில் குழாய்த் தண்ணீரின் ஈயத்துக்கும் இதே கணக்குதான். வீடுகளில் எடுத்த மாதிரிகளின் 90-வது சதமானம் 15 பிபிபி-யைத் தாண்டினால் நடவடிக்கை எடுத்தாகணும்னு 2015-ல் விதி இருந்தது.

2014 ஏப்ரலில் மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரம், செலவைக் குறைக்க டெட்ராய்ட் தண்ணியை விட்டு உள்ளூர் ஆற்றுக்கு மாறியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் தண்ணீரில் கலந்தது. அக்டோபரிலேயே, என்ஜின் பாகங்கள் அரிக்குதுன்னு ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அந்தத் தண்ணியே வேண்டாம்னுடுச்சு. மக்கள் குடிச்சுக்கிட்டே இருந்தாங்க.

2015-ல் 71 மாதிரிகள் வந்தன. விதிக்குப் பொருந்தலைன்னு ரெண்டை எடுத்தாங்க. 18 ஆக இருந்திருக்க வேண்டிய எண் 11 ஆனது. டாஷ்போர்டு பச்சை! நீக்கியதில் ஒன்று, 104 பிபிபி காட்டிய ஒரு வீடு.

உண்மையை வெளியே கொண்டுவந்தது வர்ஜீனியா டெக்கின் மார்க் எட்வர்ட்ஸ் குழு தனியா செய்த சோதனையும், டாக்டர் மோனா ஹன்னா-அட்டிஷா பார்த்த குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளும்தான். 2015 அக்டோபரில் நகரம் மறுபடி டெட்ராய்ட் தண்ணிக்கே திரும்பியது.

ஈயத்துக்கு நிறமில்லை, வாசனையில்லை. கொதிக்க வச்சாலும் போகாது. அளந்தால்தான் தெரியும். அதனால உங்க ஊர்ல "தண்ணி பாதுகாப்பானது"ன்னு அறிக்கை வந்தா மூணு கேள்வி கேளுங்க: எந்தக் குழாயில் எடுத்தாங்க? எத்தனை மாதிரி? எதை விட்டுட்டாங்க?