ஒரு வாய் வெள்ளைச் சோறு

2022இல் வெளிவந்த ‘பாச்சின்கோ’ தொடரில் ஒரு காட்சி. கதை நடப்பது 1989இல். வங்கி வேலையில் இருக்கும் சாலமன், தோக்கியோவில் ஒரு கொரிய மூதாட்டியின் நிலத்தை எப்படியாவது எழுதி வாங்கப் பார்க்கிறான். துணைக்குத் தன் பாட்டி சுன்ஜாவையும் அழைத்துப் போகிறான். அங்கே பரிமாறிய சோற்றை வாயில் வைத்ததும் சுன்ஜா கலங்கிவிடுகிறார். அது கொரிய மண்ணில் விளைந்த அரிசி! பேரனுக்கோ அது வெறும் சோறு.

ஜப்பானியர் ஆண்ட 1910 முதல் 1945 வரை கொரிய அரிசி கப்பல் கப்பலாக ஜப்பானுக்குப் போனது. விளைவித்தவன் தினை தின்றான். 1931இல் மணமாகி ஒசாகாவுக்குப் புறப்படும் மகளுக்கு ஒருவேளை வெள்ளைச் சோறு போட, சுன்ஜாவின் தாய் கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. இதையெல்லாம் சுன்ஜா பேரனிடம் சொல்லி வளர்க்கவில்லை. எந்தப் பாட்டிதான் சொல்வார்?

மூத்த மகன் நோவா பிறப்பை மறைத்து, ஜப்பானியப் பெயரில் வாழப் போய்விடுகிறான். 1952இல் அங்கிருந்த கொரியர்கள் ஜப்பானியக் குடியுரிமையை இழந்ததை எண்ணினால், அவன்மேல் கோபம் வரவில்லை.

பத்திரத்தில் கையெழுத்திடும் நாள் வருகிறது. உன் பாட்டியாக இருந்தால் கையெழுத்துப் போடச் சொல்வாயா என்று அந்த மூதாட்டி கேட்கிறார். வேண்டாம் என்கிறான் சாலமன். அதோடு அவன் வேலையும் போகிறது.