ஏவலும் கணிப்பொறியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை இரும்பை உருக்கியும் தகட்டை அழுத்தியும் வாழ்வது. இத்தகைய தொழிலில் முதலில் இடர்ப்படுவது தொழிலாளியின் கை. கைக் காயங்களுக்கெனவே சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971இல் மருத்துவர் ஆர். வேங்கடசாமி ஒரு தனிப்பிரிவைத் தொடங்கினார். ஆயினும் எல்லாக் கைகளும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அத்தகையோருக்குக் கிடங்குக் கணக்குப் பணியேனும் தரலாமே என்றால், விசைப்பலகையைத் தட்டுவது எப்படி என்ற கேள்வி எழுகிறது.

விடை கணிப்பொறிக்குள்ளேயே இருக்கிறது. ஆப்பிள் கணிப்பொறிகளில் 2019 முதலும், விண்டோஸ் 11இல் 2022 முதலும் குரலால் இயக்கும் வசதி உடன்வருகிறது. தனியே விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. எண்களைக் காட்டுமாறு ஆணையிட்டால், திரையின் ஒவ்வொரு பொத்தான்மீதும் ஓர் எண் தோன்றும். எண்ணைச் சொன்னால் பொத்தான் அழுத்தப்பெறும். எண் விழாத இடத்தில் திரையைக் கட்டங்களாகப் பகுத்து, கட்டத்துக்குள் கட்டமாகச் சுருக்கிக்கொண்டே சென்று குறித்த இடத்தை அடையலாம்.

ஆனால், அவ்வாணைகள் ஆங்கிலம் முதலிய சில மொழிகளிலேயே அமைந்துள்ளன. தமிழில் சொல்வதை எழுதிக்கொள்ளும் வசதியைக் கூகுள் 2017இல் தந்தது. எனினும், சொன்னதை எழுதுவது வேறு. ஏவியதைச் செய்வது வேறு. எட்டாம் வகுப்போடு ஆலைக்கு வந்தவர், கையை இழந்தபின் ஆங்கில உச்சரிப்பையும் கற்றாக வேண்டுமா?

அன்பர்களே, தமிழ் இப்பணிக்கு இயல்பாகவே பொருந்திய மொழி. நன்னூலார் வினைப்பகுதிகளை ஏவல் வடிவிலேயே தொகுத்தார். திற, மூடு, நிறுத்து என விகுதி வேண்டாத ஒரு சொல்லே நமக்கு ஆணை. ஆயினும் எச்சரிக்கை வேண்டும். ழகரமும் ளகரமும் பலர் நாவில் ஒன்றாகிவிட்ட காலம் இது. ‘அழி’ என்றாலும் ‘அளி’ என்றாலும் பொறியின் செவிக்கு ஒன்றே. ஒரு நாள் கணக்கு முழுவதும் அழிந்துபோகும். அங்கே ‘நீக்கு’ என்பதே தக்க சொல்.

இத்தகைய நூறு ஆணைச்சொற்களை நம் வட்டம் தொகுக்கட்டும். தெலுங்கு கலந்து பேசும் எல்லையூர் மக்களையும், ஆலையின் இரைச்சலில் பழகிய தொழிலாளரையும் சொல்லச் செய்து, மயக்கம் தருவனவற்றைக் களையட்டும். பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகத்திடம் வழங்கட்டும். கை இழந்தவருக்குத் தமிழே கையாகட்டும்.