தீர்மான நகலில் நம்பர் மாறாமல் இருக்க
(கூட்டமைப்புப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



எனக்கு முன்னால் பேசினவங்க ஆடு வளர்ப்பு பற்றியும் சத்துமாவு பற்றியும் பேசினாங்க. நான் பேசப் போவது கம்ப்யூட்டரில் நம்பர் போடுவது பற்றி. இதுல என்ன இருக்கு, ஒண்ணு ரெண்டு மூணு போடத் தெரியாதா என்று பின்வரிசையில் சிரிக்கிறது இங்கேயே கேட்குது. நமக்குத் தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்கும் எண்ணத் தெரியும். ரெண்டு பேரும் ஒரே காகிதத்தில் எண்ண ஆரம்பித்தால்தான் வம்பு.

ஒரு குழுவுக்கு நடந்தது உங்களில் பல பேருக்குத் தெரியும். குழுவின் பேர் வேண்டாம். கடனுக்கு மனு கொடுத்தார்கள். கடிதத்தில் "தீர்மானம் எண் 8-இன்படி" என்று சரியாகத்தான் எழுதியிருந்தது. தீர்மான நோட்டிலும் எட்டாவதுதான் கடன் தீர்மானம். ஆனால் கூட வைத்த டைப் அடித்த நகலில் எட்டாவது தீர்மானம், கூட்டம் நடக்கும் இடத்துக்கு ஃபேன் வாங்குவது! கடன் தீர்மானம் ஏழாவதாகப் போய் உட்கார்ந்திருந்தது. மேனேஜர் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திரும்ப டைப் அடித்து, திரும்பக் கையெழுத்து வாங்கி, திரும்ப நடந்து, கடன் கைக்கு வருவதற்குள் ஒன்றரை மாதம். ரெண்டு உறுப்பினர்கள் மாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து வைத்திருந்தார்கள். அதுக்குள்ள மாடு கைமாறிப் போச்சு.

என்ன நடந்தது என்று அந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். டைப்பிங் சென்டர்காரர் ஒரு நம்பரையும் தப்பாக அடிக்கவில்லை. அவர் நம்பரே அடிக்கவில்லை. நோட்டில் ஐந்தாவது தீர்மானத்துக்கு நேராக "ஒத்தி வைக்கப்பட்டது" என்று எழுதியிருந்தது. ஒத்தி வைத்ததை எதுக்கு அடிக்கணும் என்று அந்த ஒன்றை எடுத்துவிட்டார். மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. ஆறு ஐந்தாச்சு, ஏழு ஆறாச்சு, எட்டு ஏழாச்சு. சத்தமே இல்லை.

இது ஏன் என்று புரிந்துகொள்ள ஒன்று சொல்கிறேன். நம்பரில் ரெண்டு வகை இருக்கு. ஒன்று பந்தி வரிசை. பந்தியில் ஐந்தாவது ஆள் எழுந்துட்டா எல்லாரும் ஒரு இலை தள்ளி உட்காரலாம், ஒரு குற்றமும் இல்லை. இன்னொன்று உறுப்பினர் எண். ஐந்தாம் நம்பர் உறுப்பினர் கல்யாணமாகி வேற ஊருக்குப் போயிட்டாங்க என்றால், ஆறாம் நம்பர்காரங்க பாஸ்புக்கில் ஐந்து என்று திருத்துவோமா? மாட்டோம். திருத்தினால் சேமிப்புக் கணக்கே குழம்பிப் போகும். தீர்மான எண்ணும் அப்படித்தான். கையெழுத்து போட்ட பிறகு அது உறுப்பினர் எண் மாதிரி, அந்தத் தீர்மானத்தோடு ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதுக்கு எல்லாமே பந்தி வரிசைதான்.

அதனால் கையெழுத்துக்கு முன்னால் வேறு மாதிரி, பின்னால் வேறு மாதிரி வேலை செய்யணும்.

முன்னால் என்றால் கூட்டப் பொருள் தயார் செய்கிற சமயம். அப்போது தானாக நம்பர் போடுவதை நன்றாகப் பயன்படுத்துங்க. தலைவி ஒன்றைச் சேர்க்கச் சொல்வாங்க, பொருளாளர் வரவு செலவை மேலே கொண்டுவரச் சொல்வாங்க, ஒவ்வொரு தடவையும் நம்பரை அழித்து அழித்து எழுத நமக்கென்ன வேண்டுதலா? வேர்டில் ஹோம் பக்கத்தில் 1, 2, 3 என்று கோடு போட்ட பொத்தான் இருக்கும். அதுதான் நம்பரிங். அதை அழுத்தி எழுதினால், என்டர் தட்டத் தட்ட அடுத்த நம்பர் வரும். உட்பிரிவு வேண்டும் என்றால் வரி தொடக்கத்தில் டேப், திரும்ப வெளியே வர ஷிப்டும் டேபும். பட்டியல் முடிந்தது என்றால் என்டரை ரெண்டு தடவை தட்டினால் போதும், நம்பர் நின்றுவிடும்.

நம்ம தீர்மானங்களில் ஒரு தனிச் சிக்கல் இருக்கு. தீர்மானத்துக்குக் கீழே முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று ரெண்டு வரி வரும். அங்கே என்டர் தட்டினால் முன்மொழிந்தவருக்கு ஒரு நம்பர், வழிமொழிந்தவருக்கு ஒரு நம்பர் என்று வந்துவிடும். ஐந்து தீர்மானம் பதினைந்தாகத் தெரியும். பல பேர் அந்த நம்பரைப் பேக்ஸ்பேஸ் வைத்து அழிப்பார்கள். அடுத்த தீர்மானம் வரும்போது அது விட்ட இடத்தில் தொடருமா, ஒன்றிலிருந்து ஆரம்பிக்குமா என்று கேள்வியாகிவிடும். அந்தத் தொல்லையே வேண்டாம். ஷிப்டைப் பிடித்துக்கொண்டு என்டர் தட்டுங்க. வரி மட்டும் கீழே இறங்கும், புது நம்பர் வராது. நான் இன்னைக்குச் சொல்வதில் ஒன்றே ஒன்றை எழுதி வைத்துக்கொள்வீங்க என்றால் இதை எழுதிக்கோங்க. ஷிப்ட், என்டர்.

எந்த நம்பர் கம்ப்யூட்டர் போட்டது, எது ஆள் அடித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம்பர் மேலேயே ஒரு தட்டு தட்டிப் பாருங்க. கம்ப்யூட்டர் போட்டது என்றால் சாம்பல் நிறமாகத் தெரியும். கர்சரை உள்ளே கொண்டுபோய் அந்த ஒரு எழுத்தைத் திருத்த முடியாது. ஆள் அடித்தது என்றால் சாதாரண எழுத்து மாதிரி திருத்தலாம். அடுத்தவங்க டைப் செய்த ஃபைலை வாங்கினால் முதல் வேலையாக இதைப் பாருங்க. ஒரே ஃபைலில் நாலு நம்பர் தானாக வந்தது, ரெண்டு நம்பர் கையால் அடித்தது என்று கலந்திருப்பதுதான் இருப்பதிலேயே மோசம். நடுவில் ஒன்றை எடுத்தால் பாதி நகரும், பாதி நகராது. ஒரே எண்ணில் ரெண்டு தீர்மானம் வந்து நிற்கும்.

இப்போ கையெழுத்துக்குப் பின்னால். நோட்டில் உள்ளது உள்ளபடிதான் நகல். ஒத்தி வைத்ததாக இருந்தாலும், கைவிட்டதாக இருந்தாலும், அந்த எண்ணை விட்டு வைத்து அதுக்கு நேரே "ஒத்தி வைக்கப்பட்டது" என்று அடிக்கணும். எடுக்கவே கூடாது. நம்பர் இனி நகரக் கூடாது என்றால், மொத்தத்தையும் காப்பி செய்து, புது ஃபைலில் வலது பக்கப் பொத்தானை அழுத்தி "கீப் டெக்ஸ்ட் ஒன்லி" என்பதில் ஒட்டுங்க. தானாக வந்த நம்பரெல்லாம் சாதாரண எழுத்தாக மாறிவிடும். தடித்த எழுத்து, நடுவில் வைத்த தலைப்பு எல்லாம் போய்விடும், அதை மட்டும் திரும்பச் செய்துகொள்ளணும். அனுப்பும்போது பி.டி.எஃப். ஆக அனுப்புங்க. வாட்ஸ்அப்பில் வேர்டு ஃபைலாக அனுப்பினால் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். திறக்கிறவங்க விரல் பட்டு ஒரு வரி போனாலும் போச்சு.

சில சமயம் பேங்கில் அந்த ஒரு தீர்மானத்தின் நகல் மட்டும் போதும் என்பாங்க. எட்டாவது தீர்மானத்தை மட்டும் எடுத்து தனிப் பக்கத்தில் வைத்தால், தானாக வந்த நம்பர் ஒன்று என்று மாறி நிற்கும் வாய்ப்பு இருக்கு. அந்த நம்பர் மேல் வலது பொத்தானை அழுத்தினால் "செட் நம்பரிங் வேல்யூ" என்று வரும், அதில் 8 கொடுக்கலாம். எனக்குக் கேட்டால், ஒரே ஒரு தீர்மானத்துக்கு இதெல்லாம் வேண்டாம். "தீர்மானம் எண் 8" என்று கையால் அடித்துவிட்டுப் போங்க. எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர்தான் எண்ணணும் என்று சட்டமா இருக்கு?

அடுத்து ஸ்டைல். இது ஆண்டறிக்கை செய்கிறவங்களுக்கு. சேலை இல்லை, கம்ப்யூட்டரிலும் ஸ்டைல் இருக்கு. ஆனால் சேலையை வைத்தே சொன்னால் புரியும். விழாவுக்கு எல்லாரும் ஒரே மாதிரி யூனிஃபார்ம் சேலை என்று தீர்மானம் போடுகிறோம். அடுத்த வருஷம் நிறத்தை மாற்றணும் என்றால் ஒரு தீர்மானம் போதும், எல்லாரும் மாறிவிடுவோம். ஆளாளுக்கு அவங்கவங்க இஷ்டத்துக்குக் கட்டி வந்தால், ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய்த்தான் சொல்லணும். தலைப்பை ஒவ்வொன்றாகப் பிடித்து பெரிசாக்கி, தடிப்பாக்கி, நடுவில் வைப்பது வீடு வீடாகப் போவது மாதிரி. ஸ்டைல் என்பது அந்தத் தீர்மானம்.

குழுக்கள் தரும் அறிக்கைகளை ஒன்றாகச் சேர்க்கும்போது இதுதான் கை கொடுக்கும். ஒருத்தர் தலைப்பு பெரிசு, ஒருத்தர் கோடு போட்டிருப்பாங்க, ஒருத்தர் ஸ்பேஸ் தட்டித் தட்டியே நடுவுக்குத் தள்ளியிருப்பாங்க. குழுவின் பேர் இருக்கும் வரியில் நின்று கண்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது "ஹெட்டிங் 1" ஆகிவிடும். உள்தலைப்புக்கு அதே மாதிரி 2. எல்லாக் குழுவுக்கும் இப்படிச் செய்துவிட்டால், பிறகு ஹெட்டிங் 1 மேல் வலது பொத்தான், "மாடிஃபை", அங்கே ஒரு தடவை அளவை மாற்றினால் புத்தகம் முழுக்க மாறும். பொருளடக்கமும் ரெஃபரன்ஸ் பக்கத்திலிருந்து தானாகவே வந்துவிடும், பக்க எண்ணோடு. அச்சுக்குப் போவதற்கு முன்னால் அதன் மேல் நின்று எஃப் 9 அழுத்திப் புதுப்பிக்கணும். அதை மறந்தால் பழைய பக்க எண்ணே நிற்கும்.

தமிழில் டைப் செய்கிறவங்களுக்கு ஒரு இடக்கு வரும். ஸ்டைலில் அளவை மாற்றியிருப்பீங்க, இங்கிலீஷ் எழுத்து மாறும், தமிழ் எழுத்து அப்படியே இருக்கும். கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று நினைக்க வேண்டாம். ஃபான்ட் பெட்டியில் தமிழுக்குத் தனி இடம், "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்" என்று இருக்கும். லதா, நிர்மலா மாதிரி எழுத்தையும் அளவையும் அங்கேயும் கொடுக்கணும்.

ஒட்டும்போது இன்னொன்றும் நடக்கும். முதல் குழுவின் செயல்பாடுகள் 1 முதல் 7 வரை, ரெண்டாவது குழுவின் பட்டியலை ஒட்டினதும் அது 8-லிருந்து ஆரம்பிக்கும். ரெண்டாவது குழுவின் முதல் நம்பர் மேல் வலது பொத்தான், "ரீஸ்டார்ட் அட் 1". அவ்வளவுதான்.

துணை விதிகள் டைப் செய்கிறவங்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். விதிகளில் "மேலே விதி 6-இல் கூறியபடி" என்று நிறைய வரும். நடுவில் ஒரு விதியைச் சேர்த்தால் ஆறு ஏழாகிவிடும். ஆனால் நாம் கையால் அடித்த "விதி 6" மாறாது. உறுப்பினரை நீக்கும் விதியைச் சொல்ல வந்து, சந்தா விதியைச் சொல்லிக்கொண்டிருக்கும். வரைவாக இருக்கும்வரை அந்த 6-ஐ "கிராஸ் ரெஃபரன்ஸ்" வழியாகப் போடுங்க. கண்ட்ரோல், ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்வு செய்து எஃப் 9 தட்டினால் எல்லாம் சரியான எண்ணுக்கு வந்துவிடும். அந்த விதியையே யாராவது எடுத்திருந்தால், நடுவில் தடித்த எழுத்தில் "எரர்" என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து நிற்கும். பயப்படாதீங்க, அது நமக்கு நல்லது. கையால் அடித்திருந்தால் அந்தத் தப்பு கண்ணிலேயே பட்டிருக்காது. ஆனால் அதோடு அச்சுக்கு மட்டும் அனுப்பிவிடாதீங்க.

வேர்டு காசு கொடுத்து வாங்கணுமே என்று கேட்கிறவங்களுக்கு லிப்ரே ஆபீஸ் ரைட்டர் இலவசமாகவே இருக்கு. அதில் எஃப் 12 அழுத்தினால் நம்பர் பட்டியல், எஃப் 11 அழுத்தினால் ஸ்டைல் பெட்டி. ஷிப்ட், என்டர் அதிலும் உண்டு.

கூட்டமைப்பிடம் ஒரு வேண்டுகோள். தலைப்பு, தீர்மானம், முன்மொழிந்தவர் வரி எல்லாவற்றுக்கும் ஸ்டைல் வைத்து ஒரு மாதிரி ஃபைல் தயார் செய்து எல்லாக் குழுவுக்கும் கொடுங்க. செய்து தர நான் தயார். இன்னொன்று, டைப் அடித்த நகல் கைக்கு வந்ததும் அங்கேயே ரெண்டு பேர் உட்காருங்க. ஒருத்தர் நோட்டைப் பார்த்து நம்பரையும் முதல் நாலு வார்த்தையையும் மட்டும் வாசிக்கணும், இன்னொருத்தர் நகலில் பார்க்கணும். பத்து தீர்மானத்துக்கு அஞ்சு நிமிஷம் ஆகாது. அது முடிந்த பிறகு சீல் வைக்கலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸ் ரூமில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருப்பேன். தீர்மான நோட்டு கொண்டு வந்திருக்கிறவங்க அதை எடுத்துக்கிட்டே வாங்க, உங்க தீர்மானத்தையே டைப் செய்து பார்க்கலாம்.