அன்ரிகனி என்றொரு பெயர்

எபினே-சூர்-செய்னிலிருந்து பேசுகிறேன். சிட்னியில் நித்திரையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத் தனி நன்றி.

இன்று ஒரே ஒரு பெயரைப் பற்றித்தான் பேச்சு: அன்ரிகனி. இங்கே எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து 'ஒந்திகொன்' என்று சொல்லிக்கொண்டு வருவது இந்தப் பெயரைத்தான். கதை தெரிந்ததுதான். தீப்ஸ் நகரத்து அண்ணன் தம்பி இருவர் சண்டையிட்டு ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். அரசன் கிரெயோன் அவர்களுக்குத் தாய்மாமன். எத்தியோக்கிளிசுக்கு அரச மரியாதையோடு அடக்கம். பொலினைசிஸ் துரோகி, அவன் உடல் நாய்க்கும் பறவைக்கும். அதன்மேல் மண் போடுகிறவருக்கு மரணம். தங்கை போய் ஒருபிடி மண் போடுகிறாள். எங்கள் ஊரில் பெண்கள் வாய்க்கரிசி போட்டுவிட்டுப் படலையோடு நின்றுவிடுவார்கள். இவள் படலை தாண்டியவள்.

கிரேக்கத்தில் 'அன்ரி' என்றால் எதிராக. பதிலாக என்றும் பொருள். 'கொனே' பிறப்பைக் குறிக்கும் சொல். ஆகவே பெயரை இரண்டு விதமாகவும் விளக்குகிறார்கள்: பிறந்த குலத்துக்கு எதிரானவள், பெற்றவளுக்குப் பதிலாக நிற்பவள். தமிழருக்கு இது புதிரே இல்லை. எங்களுக்கு மாற்றான் பகைவன், மாற்றாந்தாயோ தாயின் இடத்துக்கு வந்தவள். ஒரே வேர்தான்.

பிரெஞ்சுக்காரர் இந்தப் பெயரைத் தாராளமாகச் செலவழிப்பார்கள். மொம்பெலியே நகரில் 'பொலிகொன்' என்ற வணிக வளாகத்துக்குப் பக்கத்தில் கட்டிய குடியிருப்புக்கு, சொல் விளையாட்டாக 'ஒந்திகொன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! அரசை எதிர்க்கும் பெண் எவளும் பத்திரிகையில் ஒந்திகொன் ஆகிவிடலாம்.

ஆனால் 1944 பெப்ரவரியில் அது விளையாட்டாக இருக்கவில்லை. லா சப்பலில் மெற்றோ ஏறினால் இரண்டாவது தரிப்பு ஒன்வேர். அங்கிருந்து சிறிது நடந்தால் அத்தெலியே நாடக அரங்கு. ஜேர்மன் படை பரிசில் இருந்த நாட்களில் ஜோன் அனூயின் 'அன்ரிகனி' அங்கேதான் மேடையேறியது. சிலர் அவளில் எதிர்ப்பியக்கத்தைக் கண்டார்கள். நாடகம் கிரெயோனுக்கு நியாயம் சொல்கிறது என்று சிலர் கோபப்பட்டார்கள். அதில் கிரெயோன் ஓர் உண்மையைக் கக்குவான். இரண்டு உடல்களும் அடையாளம் தெரியாமல் சிதைந்து கிடந்தன, குறைவாகச் சிதைந்ததை எடுத்து மரியாதை செய்தேன், அது எவனுடையதென்று எனக்கே தெரியாது என்பான். சொபோக்கிளிசில் இது இல்லை. எனக்கு நாடகமே இந்த இடம்தான்.

2009க்குப் பிறகு இராணுவம் துயிலும் இல்லங்களை இடித்துத் தள்ளியது. கோப்பாயில் அந்த நிலத்தின்மேல் படைத் தலைமையகம் எழும்பியது. அந்தத் தாய்மாரை அன்ரிகனி என்றால் பொருந்தும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் குந்திய காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அன்ரிகனிக்கு உடல் எங்கே கிடக்கிறது என்று தெரியும்.

இனிச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. அவள் அடக்கம் செய்தது வீரனை அல்ல, துரோகி என்று அறிவிக்கப்பட்டவனை. 1986இல் புலிகள் ரெலோவை அழித்தபோது கொல்லப்பட்ட பிள்ளைகள் சிலரின் உடல்கள் யாழ்ப்பாணத்துச் சந்திகளில் எரிக்கப்பட்டன. பலர் நின்று பார்த்தார்கள். மண் போட யார் போனார்கள்? எங்கள் மேடைகளில் அன்ரிகனி என்று முழங்குகிறவர்கள் பொலினைசிசின் பெயரையும் சொல்ல வேண்டும்.

இங்கே எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறா. இரண்டு தம்பிமார், இரண்டு இயக்கம், இருவரும் இல்லை. நவம்பரில் ஒருவனின் படம் மண்டபத்தில் மாலையோடு இருக்கும். மற்றவனின் படம் அவவின் படுக்கையறை அலுமாரிக்குள். மகளின் பாடப் புத்தகத்தைக் காட்டி, "உந்தப் பெட்டைக்குக் கடைசியில என்ன நடந்தது?" என்று கேட்டா. உயிரோடு குகைக்குள் வைத்து அடைத்தார்கள் என்றேன். "ரெண்டு பேரும் அவளின்ரை சகோதரங்கள்தானே, வேறை என்ன செய்யிறது?" என்றா.

கேள்விகள் இருந்தால் எழுதுங்கள், வாசிக்கிறேன்.