எங்கோ சூடாகும் கடல்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நான் பெரிய படிப்புப் படித்தவனல்லன். பயிற்சிச் சான்றிதழோடு ஜொகூர்த் தோட்டப் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லிக் கொடுப்பவன். என் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், எங்கேயோ கடல் சூடானா நம்ம ஊர்ல ஏன் மழை பெய்யல?" அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

பசிபிக் பெருங்கடலில் காற்று வழக்கமாகக் கிழக்கிலிருந்து மேற்கே வீசி, சூடான மேல்நீரை இந்தோனீசியா பக்கம் தள்ளி வரும். சூடான கடல்மேல்தான் மேகம் திரளும், நமக்கு மழை. சில ஆண்டுகளில் அந்தக் காற்று தளர்ந்துவிடும். சூடான நீர் கிழக்கே திரும்பும். மேகமும் அதன் பின்னாலேயே போய்விடும். இதுவே எல் நினோ. ஓரிரு பாகை வேறுபாடுதான்! கைவிட்டுப் பார்த்தால் தெரியாது.

அதன் விளைவைப் பாருங்கள். 1997இல் சிங்கப்பூர் வறண்டது. காட்டுத்தீப் புகை மூடியது. 2015 செப்டம்பர் 25 அன்று புகைமூட்டத்தால் இங்குள்ள தொடக்கப் பள்ளிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் மூடப்பட்டன. காட்டைக் காயவைத்தது கடல். தீ வைத்தது மனிதன் கை. 2023இல் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியதற்கு எல் நினோ அச்சமும் ஒரு காரணம். தேக்காவில் அரிசி வாங்கும் தாய்மார்களுக்கு அந்தக் கவலை நினைவிருக்கும்.

பெரியோர்களே, 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்போதும் கடுமையான எல் நினோ. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். அந்நாளிலும் தானியம் ஏற்றுமதியாயிற்று! கஞ்சிக்கு வழியின்றி இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறியவர்கள் உண்டு. நம்மில் சிலருடைய குடும்பக் கதை அங்கேதான் தொடங்கியிருக்கும்.

அன்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை. பின்னர், 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர், இரு பெருங்கடல்களின் காற்றழுத்தம் தராசுத் தட்டுப்போல் மாறிமாறி ஏறி இறங்குவதைக் கண்டார். இன்று கடல் மிதவைகளும் செயற்கைக்கோள்களும் சில மாதம் முன்பே எச்சரிக்கின்றன. மழையை நிறுத்துவது கடலின் வேலை. பசியை நிறுத்துவது நம் வேலை. எச்சரிக்கை கேட்டால் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள். வெயிலில் உழைக்கும் அண்ணன்மார்களே, நிறையத் தண்ணீர் குடித்து, நிழலில் சற்றே இளைப்பாறுங்கள்.

மாணவமணிகளே, அந்தப் பையன் இதுவரை எந்தப் பரிசும் வாங்கியதில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்வியும் வாக்கரை வாட்டிய கேள்வியும் ஒன்றுதான். கேள்வி கேளுங்கள், பெற்றோரே, கேட்க விடுங்கள்.