பெரியவர்களை யார் கண்டிப்பது?

நடுவர் அவர்களே! இளைஞர்களை வறுத்தெடுத்துவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே!

“இணையத்துக்கு அடிமையாகிச் சீரழிவது பிள்ளைகளே” என்று எதிரணித் தலைவர் முழங்கினார். முழங்கிட்டு உட்கார்ந்ததும் என்ன செய்தார்? செல்போனை எடுத்துப் பார்த்தார், ஐயா! (சிரிப்பு)

இணைய அடிமைத்தனத்தை ஆராய்ந்த முன்னோடி, அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங். 1996-ல் அவங்க யாரைப் பத்தி எழுதினாங்க தெரியுமா? பள்ளிக்கூடப் பையனையா? இல்லைங்க. 43 வயது குடும்பத் தலைவியைப் பத்தி! வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரே வருஷத்துல அந்தக் குடும்பம் ஆட்டம் கண்டுபோச்சு.

“அது அமெரிக்கா, அங்கே அப்படித்தான்” என்பீர்கள். சரி, தென் கொரியாவுக்கு வாங்க. நம்மைப் போலவே பெற்றவர்களைத் தெய்வமா மதிக்கிற பண்பாடு. அங்கே சுவோன் நகரத்தில் ஒரு கணவன், மனைவி. கம்ப்யூட்டர் மையத்தில் மணிக்கணக்கா உட்கார்ந்து, விளையாட்டுத் திரையில ஒரு குழந்தையை வளர்த்தாங்க. வீட்டில், பெற்ற பெண் குழந்தை, மூணு மாசப் பச்சை மண்ணு, 2009-ல் பட்டினியால் செத்துப்போச்சு ஐயா! 2010-ல் அவர்கள் கைதானார்கள்.

(அரங்கில் அமைதி)

அதே நாட்டில் 2011-ல் ஒரு சட்டம் வந்தது. நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு கூடாது. யாருக்கு? 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு! அப்பாவும் அம்மாவும் விடிய விடிய ஆடலாம்! 2022 பிறந்தபோது அந்தச் சட்டமும் போய்விட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனம் இன்று ஒரு நோய். அடையாளம் என்ன? கட்டுப்பாடு போகும். மத்த வேலையெல்லாம் பின்னுக்குப் போகும். கெடுதல்னு தெரிஞ்சும் விட முடியாது. இதில் வயசு எங்கே ஐயா இருக்கு?

பிள்ளை தப்பு செஞ்சா அதட்ட அம்மா இருக்காங்க, கண்டிக்க வாத்தியார் இருக்கார். நாற்பது வயசுக்காரனை யார் கேட்கிறது? கேட்டா, “ஆபீஸ் வேலை” என்கிறான். மனைவியும் நம்புறாங்க. (கைதட்டல்)

நானும் அப்படிச் சொன்னவன்தான். ஒருநாள் ராத்திரி என் மகள் கேட்டாள்: “அப்பா, நான் சொன்னது காதுல விழுந்துச்சா?” விழலைங்க. பக்கத்திலேதான் இருந்தேன். ஆனா வீட்டில் இல்லை.

கேட்க ஆளில்லாத தப்புதான் ஆழமா வேர் விடும். ஆகவே, அதிகம் சீரழிவது பெரியவர்களே என்று தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன்.